தேடினால் வராத கேமரா

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி அடைமழையில் ஜவ்வாது மலைமேல் நடந்தது இது. ஊர் பெயரையோ ஆட்களின் பெயரையோ நான் சொல்லப் போவதில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. அதோடு, இதில் வருகிற பெண்கள் அதே ஊரில்தான் இன்றும் வாழ்கிறார்கள்.

நானும் என் கணவரும் போளூரில் கேமரா, கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறோம். ஏணி ஏறுவது, சுவரில் துளை போடுவது, ஒயர் இழுப்பது எல்லாம் அவர் வேலை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செட்டிங் செய்வது என் வேலை. மலைமேல் சாமை அரைத்துச் சுத்தம் செய்கிற ஒரு யூனிட்டிலிருந்து கூப்பிட்டார்கள். "கேமரா எல்லாம் இருக்குது, ஆனா ஷெட்லயும் குடோன்லயும் இருக்கிறது ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வர மாட்டேங்குது" என்றார் மேனேஜர். ஏணி தேவைப்படாத வேலை என்பதால் நானே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து யூனிட் கொஞ்சம் உள்ளே தள்ளி. குடையைக் காற்று திருப்பிவிட்டது. லேப்டாப் பையை துப்பட்டாவில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். போய்ச் சேரும்போது பை காய்ந்திருந்தது; நான் தொப்பலாக நனைந்திருந்தேன்.

மேனேஜர் நல்ல மரியாதையாகத்தான் பேசினார். நடு வயது, நெற்றியில் விபூதி. "வாங்க மேடம், உங்க வூட்டுக்காரர் வரலீங்களா? ஐயோ, இப்டி நனைஞ்சுட்டீங்களே. போய் மொதல்ல துணி மாத்திக்குங்க. லேடீஸுக்குத் தனி ரூம் இருக்குது" என்று சொல்லி, ஷெட்டிலிருந்து ஒரு அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்.

சல்லடை மிஷினில் நிற்கிறவர் அவர். அதனால் இங்கே சல்லடை அக்கா என்றே சொல்கிறேன். தலையிலிருந்து கால்வரை சாமை உமித்தூசி. புடவைமேல் ஒரு பழைய ஆம்பளைச் சட்டை போட்டிருந்தார். என்னை ஷெட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே வேலை செய்கிற பெண்கள் காலையில் வந்து பழைய துணிக்கு மாறுவதும், சாயங்காலம் தூசியைத் துடைத்துவிட்டு வீட்டுத் துணி கட்டுவதும் அந்த அறையில்தான். சுவரில் ஆணி வரிசை, குறுக்கே ஒரு கொடி, ஜன்னலில் சாக்கு.

அக்கா ஆணியில் மாட்டியிருந்த தன் பையிலிருந்து ஒரு புடவையை எடுத்து நீட்டினார். வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக வைத்திருந்தது.

"உங்களுக்கு?" என்றேன்.

"நான் இன்னா, இதோடவே பூடுவேன். யார் பாக்கப் போறா? நீ மாத்திக்கம்மா, ஜொரம் வந்துரும்."

கூரையில் வெள்ளையாக, வட்டமாக ஒன்று இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நெருப்புப் புடிச்சா கத்துமாம் அது. உமி பாரு, சட்டுனு பத்திக்கும்ல. இதுவரைக்கும் கத்தல" என்று சிரித்தார். அக்கா வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, நான் மாற்றிக்கொண்டேன். என் பச்சைச் சுடிதாரைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வேலைக்கு வந்தேன்.

வேலை பெரிய வேலை இல்லை. தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி கேமரா ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு, எண்களில். கம்ப்யூட்டரில் 'தேடு' என்று அழுத்தினால், அது தன் தெருவில் மட்டும்தான் குரல் கொடுத்துப் பார்க்கும். அடுத்த தெருவில் இருக்கிற கேமராவுக்கு அந்தக் குரல் கேட்காது. எங்கள் தொழிலில் இந்தத் தெருவைத்தான் சப்நெட் என்போம். அடுத்த தெரு கேமராவைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு தெருவுக்கும் நடுவே வழி விட வேண்டும். பிறகு கேமராவின் முகவரியை நாமே கையால் போட்டுக் கூப்பிட வேண்டும். அங்கே ஆபீஸ் ஒரு தெரு, ஷெட்டும் குடோனும் இன்னொரு தெரு. அதனால்தான் வரவில்லை.

இதை மேனேஜரிடம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "செரிங்க மேடம். ஷெட்டும் குடோனும் வந்தா போதும். வேலூர்ல இருக்கிற ஓனரு இங்க வரும்போது ஆபீஸ்ல உக்காந்துனே பாக்கணும்ன்றாரு. அது ரெண்ட மட்டும் பாருங்க. வேற எதையும் நோண்டிடாதீங்க, முன்னாடி போட்டவன் ஏதேதோ பண்ணி வச்சிருக்கான்" என்றார். சாதாரணமாக எல்லாக் கஸ்டமரும் சொல்வதுதான். நானும் சரி என்றேன். லாரி வந்த சத்தம் கேட்டு அவர் செல்போனோடு வெளியே போனார்.

தெருக்களை இணைக்கிற ரவுட்டரின் செட்டிங்குக்குள் போய் வழியைத் திறந்தேன். ஷெட் கேமராக்கள் வந்தன. குடோனும் வந்தது. முடிந்தது என்று மூடப் போகும்போதுதான் கவனித்தேன். ரவுட்டரில் இரண்டு தெரு இல்லை, மூன்று இருந்தது. மூன்றாவதில் ஒரே ஒரு முகவரி.

மறந்துபோன கேமரா ஏதாவது இருக்கும், கேட் பக்கமோ கிணற்றுப் பக்கமோ, அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் மறுபடி மலை ஏற வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதற்குமேல் எதுவும் தோன்றவில்லை. அதற்கும் வழியைத் திறந்து முகவரியை அடித்தேன். மற்ற கேமராக்களுக்கு மேனேஜர் கொடுத்த அதே பாஸ்வேர்டைப் போட்டேன். படம் திறந்தது.

மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு அறை. ஆணி வரிசை. ஜன்னலில் சாக்கு. கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது என் பச்சைச் சுடிதார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதைவிட, புரிந்துகொள்ள மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கடுத்த நொடி காது இரண்டும் தீயாகச் சுட்டது. அந்தக் கேமராவுக்குள்ளேயே ஒரு மெமரி கார்டு இருந்தது. பதிவான நாட்களைக் காலண்டர் மாதிரி காட்டும். எத்தனையோ மாதங்கள் நிரம்பிக் கிடந்தன. இன்றைய தேதியும் அதில் இருந்தது. ஒன்றைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பெண்களைப் பார்க்க அதை வைத்தவனுக்கு எப்படி உரிமை இல்லையோ, எனக்கும் இல்லை.

கேமராவின் பாஸ்வேர்டை மாற்றினேன். இனி என்னைத் தவிர யாரும் அதைத் திறக்கக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு அந்த நொடியே படம் கட்டாகும் என்று யோசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேனேஜர் செல்போனைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"இன்னா மேடம், நெட்டு கட்டாயிடுச்சா?"

லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தபோது, வெளியே நின்று, செல்போனில் அந்த அறையைத் திறந்து வைத்திருக்கிறார்! மற்றதெல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கட்டானது அது ஒன்றுதான்.

"எது கட்டாச்சு சார்?" என்று கேட்டேன்.

அவர் என் லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"அது செக்யூரிட்டிக்குங்க. திருட்டு நடக்குது. புடவைக்குள்ள சுருட்டி சாமைய எடுத்துனு போறாளுங்க. உங்களுக்கு இன்னா தெரியும் இங்க நடக்கிறது?"

"திருட்டைப் புடிக்க கேட்ல போடுங்க. துணி மாத்துற ரூம்லயா போடுவீங்க? அதுவும் நெருப்புக்குக் கத்துற மிஷின்னு சொல்லி?"

"வந்த வேலைய மட்டும் பாருங்கன்னு அப்பவே சொன்னேனா இல்லியா? வேலையாச்சுல்ல, கெளம்புங்க."

"சார், நானும் அந்த ரூம்லதான் துணி மாத்துனேன். நீங்கதான் அனுப்புனீங்க."

அவர் அப்போது பார்த்துக்கொண்டிருந்தாரா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே ஒரு தண்டனை மாதிரி என்னிடம் தங்கிவிட்டது. தப்பு செய்தது அவர், தண்டனை எனக்கு.

சுவரோரம் இருந்த ரவுட்டர் பிளக்கைப் பிடுங்க அவர் குனிந்தார். நான் லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். பின்னால் அவர் ஏதோ கத்தினார். ஷெட்டுக்குள் மிஷின் சத்தத்தில் நான் கத்தியதும் யாருக்கும் கேட்கவில்லை. நேராகப் போய் மிஷின் சுவிட்சை அணைத்தேன். சல்லடை ஆடி ஆடி நின்றது. தூசிக்குள் எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

"இன்னாம்மா ஆச்சு?" என்று சல்லடை அக்கா ஓடிவந்தார்.

லேப்டாப்பைச் சாமை மூட்டைமேல் வைத்தேன். வைஃபை அதுவரை எட்டியது; நல்லவேளை, அவர் பிளக்கைப் பிடுங்கவில்லை. எனக்குப் பின்னால் வாசல்வரை வந்து, அத்தனை பெண்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். படம் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் குனிந்து பார்த்தார்கள்.

"இது நம்ம ரூம்தான?" என்றாள் ஒருத்தி.

"நம்ம ரூமு எப்டி டிவில வரும்?"

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் திரையில் கதவு திறந்தது. அக்காவின் உச்சந்தலை தெரிந்தது. அறை நடுவே வந்து நின்று, மெதுவாக முகத்தைத் தூக்கி மேலே பார்த்தார். லேப்டாப்பிலிருந்து நேராக எங்களைப் பார்த்தார்.

தகரக் கூரைமேல் மழை மட்டும். பிறகு யாரோ ஒருத்தி விம்மினாள். இன்னொருத்தி, தன்மேல் ஏதோ ஊறுகிற மாதிரி இரண்டு கையாலும் தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தினமும் போய் வந்த அறை. வெறும் தூசிதானே, துடைத்தால் போய்விடும் என்று நம்பி நின்ற அறை.

எல்லோரும் அந்த அறைக்கு ஓடினோம். அக்கா கையில் மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கி. ஒரு ஸ்டூல்மேல் ஏறி ஓங்கிவிட்டார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒடைக்காதக்கா! அதுக்குள்ளதான் சாட்சி இருக்குது!"

"வுடுடி என்னை! என்னை இத்தினி நாளா பாத்த கண்ணு அது! வுடு!"

"ஒடைச்சா மேனேஜரு தப்பிச்சுருவாரு. உன் கால்ல வுழறேன், வேணாம்."

அப்படியே ஸ்டூல்மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். என் கண்ணெதிரே ஒரு மனுஷி தன் கோபத்தைப் பல்லைக் கடித்து விழுங்கினாள். நியாயமான கோபம். அதைக்கூட அந்த நேரத்தில் காட்டவிடாமல் தடுக்க வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஜன்னல் சாக்கைக் கிழித்து அந்த வெள்ளை வட்டத்தின்மேல் கட்டினோம். அறை வாசலில் வரிசையாக உட்கார்ந்தோம், யாரும் உள்ளே போய்விடாதபடி.

பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். அடுத்து என் கணவருக்கு. "நீ ஒழுங்கா இருக்கியா?" என்று முதலில் கேட்டார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "நீ கெளம்பி வந்துடேன். கேஸு கோர்ட்டுன்னு அலைய முடியுமா நம்மால?" என்றார். "இதுல நானும் இருக்கேன், புரியுதா உங்களுக்கு?" என்றேன். "தோ வர்றேன்" என்று வைத்துவிட்டார். மழையிலேயே பைக்கில் மலை ஏறி வந்து, எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

போலீஸ் வருவதற்குள் நான் இன்னொரு போன் செய்தேன். ஆபீஸில் ரெக்கார்டர் பெட்டிமேல் முன்பு கேமரா போட்டவனின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எனக்கு அந்த ஆளைத் தெரியும். சாமான் வாங்கப் போகிற கடையில் பார்த்திருக்கிறேன், சிரித்துப் பேசியிருக்கிறேன்.

"நீங்க போட்ட அந்த ரூம் கேமராவ புடிச்சுட்டேன்" என்றேன்.

அவன் சொன்னான்: "அக்கா, நாங்க கஸ்டமர் சொல்ற எடத்துல போடுறோம். அவ்ளோதான்."

"அது இன்னா ரூம்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும்... ஒர்க்கர்ஸ் ரூமு."

"தனியா ஒரு நெட்வொர்க் போட்டு அதுல வச்சது யாரு?"

"சர்ச் பண்ணா வரக் கூடாதுன்னு அவருதான் கேட்டாரு. வேற சப்நெட்ல ஒரு அட்ரஸ் குடுத்தேன். டெக்னிக்கலா அது ஒண்ணும் தப்பு கெடையாதுக்கா."

டெக்னிக்கலா! மேனேஜர்மேல் வந்த கோபத்தைவிட இவன்மேல் எனக்குக் கோபம் அதிகம் வந்தது. மேனேஜருக்கு அந்த வித்தை தெரியாது. அவருக்குத் தேவையாக இருந்தது ஒரு கெட்ட எண்ணம் மட்டும். அதற்குக் கண் வைத்துக் கொடுத்தவன் என் தொழில்காரன். நான் படித்த அதே பாடத்தைப் படித்தவன். ஏணி போட்டு, அந்தக் கொடிக்கு மேலே, துணி மாட்டுகிற ஆணிகளைப் பார்த்துக்கொண்டே திருகியிருக்கிறான்.

ஊர் ஆண்கள் சிலர் வந்து கூடினார்கள். மேனேஜரைப் பார்த்து, "உனக்கு அக்கா தங்கச்சி இல்லியாடா?" என்று கத்தினார்கள். அதைக் கேட்டும் எனக்குக் கோபம்தான். யாருக்காவது அக்காவாகவோ தங்கச்சியாகவோ இருந்தால்தான் எங்களை விட்டுவைப்பீர்களா? சாமை புடைத்துவிட்டுத் துணி மாற்றுகிற ஒரு மனுஷி என்றால் போதாதா?

முதலில் வந்த போலீஸ்காரர், "படம் வெளிய எங்கியும் போவலியே? அப்ப பேசி முடிச்சுக்கலாமே" என்றார். பொழுது சாய்கிற நேரத்தில் கீழேயிருந்து ஒரு பெண் எஸ்.ஐ. வந்த பிறகுதான் பேச்சு மாறியது. நான் காட்டியதைப் பார்த்துவிட்டு, கேமராவையும் ரெக்கார்டரையும் மேனேஜரின் செல்போனையும் எடுத்துக்கொண்டார். "புகார் யார் குடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் முன்னால் கொக்கியைத் தூக்கிய அக்காகூடத் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பெண் என் காதோரம் வந்து, "எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வேலைக்கே வுட மாட்டாரு. நான்தான் இன்னாவோ பண்ணிட்ட மாதிரி கேப்பாரு" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"நான் குடுக்கிறேன் மேடம்" என்றேன். "இன்னிக்கு நானும் அந்த ரூம்ல துணி மாத்துனேன். என் படமும் அதுல இருக்குது."

என் கணவர் தலை நிமிர்ந்து பார்த்தார். தடுக்கவில்லை. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடப் போனபோது அக்கா கையை நீட்டினார்.

"இந்தா, இங்க குடு. மழைக்கு ஒதுங்குனவ கையெழுத்துப் போடுறா, தெனம் அங்க நின்னவ நான் போட மாட்டேனா?"

அதன்பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. வராதவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மேனேஜரைக் கைது செய்தார்கள். கேமரா போட்டவனும் வழக்கில் இருக்கிறான். இரண்டு பேரும் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்கள். யூனிட் சில மாதம் மூடிக் கிடந்து, வேறு ஆட்களின் கையில் மறுபடி ஓடுகிறது. சல்லடை அக்கா வேலைக்குப் போகிறார். ஆனால் அன்று அங்கிருந்த பெண்களில் சிலரை அவர்கள் வீட்டில் திரும்ப அனுப்பவே இல்லை. பார்த்தவன் வெளியே நடமாடுகிறான், பார்க்கப்பட்டவள் வீட்டுக்குள் இருக்கிறாள். இதை எந்தக் கணக்கில் நியாயம் என்பது?

எங்கள் கடைக்கும் சில கஸ்டமர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். "அந்தம்மா வந்தா எல்லாத்தையும் நோண்டும்" என்று பேச்சாம். ஆமாம், நோண்டுவேன். இப்போதெல்லாம் எந்த வேலைக்குப் போனாலும் ரவுட்டரில் இருக்கிற ஒவ்வொரு முகவரியையும் திறந்து பார்க்காமல் வெளியே வருவதில்லை. புதிதாகக் கேமரா வைக்கச் சொன்னால், அதன் எதிரில் நிற்கப்போகிறவர்களை வைத்துக்கொண்டுதான் வைக்கிறோம். இப்போது என் கணவரே ஏணியில் ஏறும் முன், "இங்க யாரும்மா வேலை செய்றீங்க? கொஞ்சம் வாங்க, இது எதைக் காட்டும்னு பாத்துக்குங்க" என்று கூப்பிடுகிறார்.

போன மாதம் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒருவர், "இன்னுமாம்மா உனக்கு அந்தக் கோபம் ஆறல?" என்று கேட்டார். ஆறவில்லை. எந்தக் கஸ்டமர் எதைச் சொன்னாலும் "டெக்னிக்கலா தப்பு கெடையாது" என்று ஒருநாளும் என் வாயில் வந்துவிடாமல் இருக்க, அந்தக் கோபம் ஆறாமலே இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.